மூளிக்காதன் நிற்கும் வளைவு

மைக்கை வாங்கி, இரண்டு தட்டுத் தட்டி, "வணக்கம், கருங்கானல் ஏரி உங்களை அன்போடு வரவேற்கிறது" என்று வழக்கமான பாட்டைப் பாடிவிட்டுத் தலையை நிமிர்த்தினால், இரண்டாவது வரிசை ஓரத்தில் ஜெயக்கொடி உட்கார்ந்திருக்கிறாள். என் பெண்டாட்டி. அரக்குச் சேலைக்கு மேலே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, முதல் பெஞ்சில் இடம் கிடைத்த பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு. காலையில் கோயிலுக்குப் போகிறோம் என்றுதானே சொன்னாள்? எலுமிச்சம்பழச் சோற்றை அவள் அள்ளி வைக்க, டிபன் பாக்ஸ் மூடியை அழுத்தி மூடிக் கொடுத்தவன் நான்தானே? கோயிலில் கூட்டம் தாங்கவில்லை, வேனை இங்கே திருப்பிவிட்டோம் என்று படியிறங்கும்போது யாரோ சொன்னது காதில் விழுந்தது. அது இவர்கள் என்று உறைக்கவில்லை. ஏலக்காய் ஸ்டோரில் அவளோடு உட்கார்ந்து காய் பொறுக்குகிற பெண்கள் அத்தனை பேரும் வந்திருக்கிறார்கள், பாதிப் படகு அவர்கள்தான், மீதியில் வெளியூர்க் குடும்பங்கள். இத்தனை வருஷமாக அவள் இந்தப் படகில் ஏறாமல் பார்த்துக்கொண்டேன். உனக்குத் தலை சுற்றும் என்றேன், தண்ணீரைப் பார்த்தால் பயம் வரும் என்றேன், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்றேன், மற்ற நாளில் படகு சரியாக ஓடாது என்றேன். இப்போது அவள் தலையும் சுற்றவில்லை, பயமும் இல்லை. சுற்றுவது என் தலை. "அண்ணே, மூளிக்காதனைக் காட்டாம நாங்க எறங்க மாட்டோம்ல!" என்று சிவனம்மா பின் வரிசையிலிருந்து கத்துகிறாள், ஸ்டோரிலேயே வாய் பெரியவள் அவள்தானாம், ஜெயக்கொடி சொல்லியிருக்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். ஜெயக்கொடி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தண்ணீரைப் பார்க்கிறாள், முகத்தில் பெருமை வழிகிறது.

மூளிக்காதன் யானை இல்லை. அதை முதலில் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அப்படியாவது பழகட்டும். அது ஒரு மரக்கட்டை. அணை கட்டிய காலத்தில் தண்ணீரில் மூழ்கிச் செத்த மரங்கள் இந்த ஏரி முழுக்க நிற்கின்றன, அதில் ஒன்று, மூன்றாவது வளைவைத் தாண்டினதும் எதிர்க்கரைச் சேற்றில், இரண்டு தோளும் முதுகும் வைத்த மாதிரி. முன்னால் ஒரு வேர் வளைந்து தண்ணீருக்குள் இறங்குகிறது, அது தும்பிக்கை. ஒரு பக்கம் பட்டை உரிந்து தொங்குகிறது, காற்றடித்தால் ஆடும், அது காது. மறுபக்கம் பட்டையே கிடையாது, அதனால் மூளிக்காதன். நானா முதலில் அதை யானை என்றேன்? இல்லை. சத்தியமாக இல்லை. அன்று ஒரு மிருகமும் கண்ணில் படவில்லை, முகமெல்லாம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்கள், யாரோ ஒரு பெரியவர்தான் எழுந்து யானை, யானை என்று கத்தினார். படகே குதித்தது. பேரப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டினார். நான் வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டேன். என் பாவம் அவ்வளவுதான், வாயை மூடியது. ஆனால் அடுத்த நாள் திறந்தேனே. "சத்தம் போடாதீங்க, அந்தா நிக்கிறான், காது ஆடுது பாருங்க" என்று நானே சொன்னேனே. படகோட்டுகிற செபஸ்தி எஞ்சினைக் குறைத்து, யாரும் உற்றுப் பார்ப்பதற்குள் திருப்பிவிடுவான். "அவனைத் தொந்தரவு பண்ண வேணாம்" என்பேன் நான், பெரிய காட்டு ராஜா மாதிரி. நிஜ யானை வராமல் இல்லை, வரும், ஆனால் அது என் ஷிப்ட் பார்த்தா வரும்? மிருகம் வராத நாளுக்கு மட்டும் கட்டை என்று ஆரம்பித்தது, பிறகு வந்த நாளுக்கும் ஒரு கொசுறாக ஆகிவிட்டது. ஊரார் விஷயம் போகட்டும். வருகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள், அந்தப் போட்டோவை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும், அது எனக்குக் கேட்கப் போவதில்லை. வீட்டில் சொன்னேனே, அதுதான்.

சாயங்காலம் அவள் ஸ்டோரிலிருந்து வருவாள். பகலெல்லாம் குனிந்து குனிந்து பச்சைக்காய் வேறு, வெடித்த காய் வேறு, சொத்தை வேறு என்று பொறுக்கிய கழுத்து, திரும்பாது. உடம்பெல்லாம் ஏலக்காய் வாசம், விரல் நுனி கருத்திருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "இன்னைக்கு வந்தானா?" என்பாள். என்னை இந்த உலகத்தில் அப்படி ஆசையாக ஒரு கேள்வி கேட்டவர்கள் வேறு யார்? அப்பா கேட்டதில்லை, படகுக் குழுத் தலைவர் கேட்பதெல்லாம் ஏன் லேட் என்பதுதான். வரலை என்று சொல்லிப் பார்த்தேன், ஒரே ஒரு நாள். "ஓ" என்றாள். அந்த ஓவைக் கேட்க முடியவில்லை. மறுநாளே வந்துவிட்டான். அதற்குப் பிறகு எத்தனை கதை. சேற்றை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டான், எருமைக்கூட்டம் வந்ததும் கரையை விட்டுக்கொடுத்தான், தனியாக நின்று தண்ணீரையே பார்த்தான். தலைவர் எல்லார் முன்னாலும் என்னைக் கிழித்தெடுத்த அன்றைக்கு மூளிக்காதனை வேறு கொம்பன் ஒருவன் விரட்டிவிட்டான். அதை அப்படித்தான் சொன்னேன், ஏன் அப்படி வாயில் வந்தது என்று தெரியாது. படகுத்துறைப் பாசியில் வழுக்கி விழுந்து எனக்கு முட்டி வீங்கியபோது, சொன்னால் இந்த வேலையே வேண்டாம் என்பாளே என்று மறைத்துவிட்டு, மூளிக்காதன் காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான் என்றேன். அந்த நேரம் பார்த்து மழை பிடித்து ஏரி நிறைந்து கட்டை முங்கிப்போனது. ஆளையே காணோம் என்றேன். அவள் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டாள். ஐயோ, அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. தண்ணீர் இறங்கி, "வந்துட்டான், நல்லா நடக்குறான்" என்று நான் சொன்ன அன்றே போய்த் தேங்காய் உடைத்து அர்ச்சனை பண்ணினாள். ஒரு மூடியைச் சட்னி அரைத்தாள். ஒரு மரக்கட்டைக்கு உடைத்த தேங்காயில் அரைத்த சட்னி, நான் தொட்டுத் தொட்டு நாலு தோசை தின்றேன். மனுஷனா நான்? பையன் கிஷோர் இப்போதெல்லாம் யானைப் பேச்சு வந்தாலே செல்லை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறான். அவன் பள்ளிக்கூடத்தோடு இங்கே வந்தது போன வருஷம், வேறு படகில் போனான், வேறு ஆள் விளக்கம் சொன்னான். வந்த பிறகுதான் இந்த மாதிரி. வயசுப் பையன் அப்படித்தான் இருப்பான் என்று விட்டுவிட்டேன்.

"இடது பக்கம் பாருங்க, செத்த மரத்து உச்சியில் சிறகை விரித்துக் காயவைப்பது நீர்க்காகம்." வாய் அதுபாட்டுக்கு ஓடுகிறது. "அந்த வெள்ளைக் கோடு தெரிகிறதல்லவா, அதுதான் கூத்தாடிப் பாறை அருவி, காலையில் வந்தால் காட்டு வழியாக நடந்தே போகலாம், அட்டை கடிக்கும், காலுறை நாங்களே தருவோம்." பெண்கள் அட்டைக்கு ஐயோ என்கிறார்கள், சரியாக அந்த இடத்தில் எல்லாரும் ஐயோ என்பார்கள். "மூங்கில் தெப்பம் உண்டு, நீங்களே துடுப்புப் போடலாம், மேலே கோபுரத்தில் ராத்தங்கலாம், யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்கள், எங்கள் காட்டு யானைக்கு மணி கிடையாது, நாம்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்." சிரிக்கிறார்கள். ஜெயக்கொடி இப்போது சிரித்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணின் தொடையில் தட்டுகிறாள், பாத்தியா எப்பிடிப் பேசுறாருன்னு, என்பது போல. கரையில் ஏதாவது கறுப்பாக அசையாதா? ஒரு காட்டெருமை போதும். ஒரு மிளா மான் போதும். கடவுளே, ஒரே ஒரு நிஜ யானையைக் கொண்டுவந்து நிறுத்து, இந்த ஒரு தடவை, குட்டியாக இருந்தாலும் பரவாயில்லை. வேண்டிக்கொள்ளும்போதே பிள்ளையார் முகம்தான் வருகிறது, அவர் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வார்? தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு நீர்நாய் போகிறது, பின்னால் இன்னும் இரண்டு. மற்ற நாளாக இருந்தால் அதைக் காட்டியே ஐந்து நிமிஷம் ஓட்டுவேன். இன்றைக்கு நான் சொல்வதற்குள் சிவனம்மா "கீரிப்பிள்ளை நீஞ்சுது" என்கிறாள், யாருக்கும் அதில் மனசில்லை. முதல் வளைவு போய்விட்டது. புல்மேடு காலியாகக் கிடக்கிறது, ஆடு மேய்த்துவிட்டுப் போன இடம் மாதிரி. இரண்டாவது வளைவில் மூங்கில் ஒடியும் சத்தம் கேட்டது, எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள், நான் பிடித்ததை விடவே இல்லை. குரங்கு.

காட்டாவிட்டால் என்ன? இன்று வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். உலகத்தில் யானை வராத நாளே கிடையாதா? ஸ்டோரில் கொஞ்சம் கிண்டல் பண்ணுவார்கள், அவள் தாங்கிக்கொள்வாள். ஆனால் அந்தக் கட்டை அங்கேதானே நிற்கும்? கண்ணிருக்கிறவர்கள் பார்ப்பார்களே, அவளும் பார்ப்பாளே. ஒரு பக்கம் காது. வளைந்த தும்பிக்கை. நான் சொல்லிச் சொல்லி அவள் மனசுக்குள் வரைந்து வைத்திருக்கிறதெல்லாம் அப்படியே நிற்கும், அசையாமல். மட்டக்காயையும் நல்ல காயையும் விரலால் தடவியே பிரிக்கிறவள், அவளுக்கா தெரியாது? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? சரி, காட்டினால்? மைக்கைப் பிடித்துக்கொண்டு, பெண்டாட்டி முகத்துக்கு நேரே, "காது ஆடுது பாருங்க" என்று சொல்ல இந்த நாக்கு எழும்புமா? எழும்பும், அதுதான் கேவலம். எழும்பிப் பழகின நாக்கு. வேலை போய்விடுமோ என்றா பயப்படுகிறேன்? இல்லை. அவள் சண்டை போடுவாளோ என்றா? போடட்டும், இரண்டு நாள் பேசமாட்டாள், மூன்றாம் நாள் குழம்பில் உப்புச் சரியாக இருக்கும். பயம் வேறு. சாயங்காலம் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்துவிடுவாளே. டீயைக் குடித்துவிட்டு எழுந்து அடுப்புக்குப் போய்விடுவாளே. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் எதைப் பேசுவேன்? செபஸ்தி பின்னால் திரும்பி என்னைப் பார்க்கிறான். கண்ணால் கேட்கிறான், காட்டலாமா. வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறேன். அந்த மடையன் நான் தலையை ஆட்டினாலே சரி என்றுதான் எடுத்துக்கொள்வான் போல, எஞ்சின் சத்தம் மெல்லக் குறைகிறது, படகு மிதக்கிறது, மூன்றாவது வளைவு திறக்கிறது. நிற்கிறான் மூளிக்காதன். காற்று வேறு அடிக்கிறது. நான் தீர்மானித்துவிட்டேன், பேசப் போவதில்லை, மைக்கைக் கீழே இறக்கிவிட்டேன், இன்று வரவில்லை என்று கரைக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

"அந்தா நிக்கிறான்!" ஜெயக்கொடி எழுந்து நிற்கிறாள். "சத்தம் போடாதீங்கடி. அந்தா, மூளிக்காதன். காது ஆடுது பாருங்க!" எல்லாரும் எழுந்துவிட்டார்கள், படகு ஒரு பக்கம் சாய்கிறது, செல்போன்கள் மேலே போகின்றன, யாரோ கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், யாரோ ஒரு பிள்ளையைத் தூக்குகிறார்கள். என் வார்த்தைகள். என் வார்த்தைகளை, நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, நான் குரலைத் தாழ்த்துகிற இடத்தில் தாழ்த்திச் சொல்கிறாள். கை கட்டையை நோக்கி நீண்டிருக்கிறது. ஆனால் அவள் கட்டையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கிறாள். சின்னதாகத் தலையை அசைக்கிறாள், ம், சொல்லுங்க, என்பது போல. தெரியும். இவளுக்குத் தெரியும். இன்று பார்த்துத் தெரிந்துகொண்டவள் முகம் இல்லை இது, பார்ப்பதற்கு முன்னாலேயே கை நீண்டது. எவ்வளவு நாளாகத் தெரியும்? தெரிந்துகொண்டா தினமும் கேட்டாள்? தெரிந்துகொண்டா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்? எனக்காகப் பொய் சொல்கிறாள், இத்தனை பேர் நடுவில், சொத்தையை எடுத்து நல்ல காயோடு போடுகிறாள், அவள் கை இதுவரை செய்யாத வேலை. அந்த நிமிஷத்தில் எனக்கு ஏதோ ஆனது. வெட்கம் தலைக்கு ஏறினால் மனுஷனுக்கு வீரம் மாதிரி ஒன்று வந்துவிடுகிறது. போதும், என் பொய்யை அவள் சுமக்க வேண்டாம். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். "அது யானை இல்லை. மரக்கட்டை."

ஒரு நொடி நெஞ்சு லேசானது. பெரிய ஆள்தான் நான், உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று ஒரு நொடி, அவ்வளவுதான் கிடைத்தது. படகே வெடித்துச் சிரித்தது. "அடியே ஜெயக்கொடி! புருஷன் யானை காட்டுறவரு, நீ கட்டையைக் காட்டுறியேடி!" சிவனம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "கண்ணாடி போடுடி, நாளைக்கே போடு. அண்ணே, இவளா ஒங்க வீட்டுல காய்கறி வாங்குறது?" வெளியூர்க்காரர்களும் சிரிக்கிறார்கள், எடுத்த போட்டோவை அழிக்கிறார்கள். நான் சொன்ன உண்மை நேராகப் போய் அவள் தலையில் விழுந்திருக்கிறது. என் பொய் இருக்கட்டும், அது ஒருத்தரையும் இப்படி அடித்ததில்லை. அவளும் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "யானை மாதிரிதான்டி இருந்துச்சு, என்னங்கடி" என்றபடி உட்கார்ந்தாள். கழுத்தை வளைத்துக் குனிந்துகொண்டாள், ஸ்டோரில் உட்காருவாளே அப்படி. மைக் கையில்தான் இருக்கிறது. இன்னும் ஒரு வரிதான். இதை யானை என்று இத்தனை நாள் சொன்னவன் நான்தான், அவள் என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னாள், அவ்வளவுதான் சொல்ல வேண்டும். பட்டன்கூட அமுங்கித்தான் இருக்கிறது, என் மூச்சு ஸ்பீக்கரில் கேட்கிறது. செபஸ்தி படகைத் திருப்பிவிட்டான். "வலது பக்கம் பாருங்க," என்றேன், "செத்த மரத்து உச்சியில் சிறகை விரித்துக் காயவைப்பது நீர்க்காகம்." அதை வரும்போதே சொல்லியிருந்தேன்.

துறை வந்துவிட்டது. எல்லாரும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிக் கழற்றி என் கையில் போடுகிறார்கள், சிவனம்மா போகிற போக்கில் "நாளைக்கு மூளிக்காதன் கதை வேணாம்டி, மூளிக்கட்டைக் கதை சொல்லு" என்று ஒரு குத்து வைத்துவிட்டுப் படியேறுகிறாள். ஜெயக்கொடி கடைசியாக நின்றாள். முடிச்சு அவிழவில்லை, நான் குனிந்து அவிழ்த்தேன். ஏலக்காய் வாசம். "எப்பத் தெரியும்?" என்று கேட்டேன், முகத்தைப் பார்க்காமல். "கிஷோரு பள்ளிக்கூடத்தோட வந்துட்டுப் போனான்ல, அன்னைக்கே சொல்லிட்டான். அப்பாட்ட எதும் கேக்காதடான்னு சொல்லி வச்சேன்." அப்படியானால் தேங்காய்? தேங்காய் உடைத்தது அதற்குப் பிறகல்லவா? "அப்பத் தேங்கா?" என்றேன். அவள் என் முட்டியைப் பார்த்தாள். "அவன் காலைத் தாங்குறான்னு சொன்னப்ப நீங்களும் தாங்கித் தாங்கித்தான நடந்தீங்க? உங்களுக்குத்தான் வேண்டிக்கிட்டேன். நீங்க என்னைக்கு உங்களைப் பத்திப் பேசுனீங்க? அவனைப் பத்திப் பேசுவீங்க, அத வச்சு நான் தெரிஞ்சுக்குவேன்." மேலே வேன்காரன் ஹாரனை அடிக்கிறான். கையிலிருந்த ஜாக்கெட்டுகள் கனத்தன. எனக்கு அவள் காலில் விழ வேண்டும் போல இருந்தது, படகுத்துறையில் விழுந்தால் பாசிதான் ஒட்டும். "நாளைக்கு உன்னையத்தான் ஓட்டுவாளுக," என்றேன். "ஓட்டட்டும். எனக்கென்ன." "சாயங்காலம் கேப்பியா?" "கேட்டா என்ன சொல்வீங்க?" இனிமேல் பொய் கிடையாது, அதுவாவது என்னிடம் மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "உள்ளதச் சொல்றேன். வரலைன்னு சொல்றேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை, பிள்ளை தப்பாகக் கணக்குப் போட்டால் சிரிப்பாளே, அப்படி. "அதுக்கு எதுக்குங்க கேக்கணும்?" என்றாள். படியில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள், மேலே போய் ஒரு தடவை திரும்பி ஏரியைப் பார்த்தாள், என்னை அல்ல. வேன் கிளம்பிற்று. அடுத்த கூட்டம் வரிசையில் வந்து நிற்கிறது, செபஸ்தி எஞ்சினை முடுக்கிவிட்டு, "அண்ணே, இந்த வாட்டி காட்டுறதா, வேணாமா?" என்கிறான். அவளுடைய ஜாக்கெட்டை மற்றதோடு போடாமல் இன்னும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். முதல் ஆள் கையை நீட்டினார், அதைத்தான் அவருக்குக் கொடுத்தேன்.